படித்தால் மட்டும் போதுமா?

பன்மைத்தன்மை, சமநீதி, உள்ளடக்கல் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட வாசிப்பு வட்டங்கள் அமெரிக்க அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பொது நூலகங்களிலும் பரவலாக நடந்துவருபவை. டி.இ.ஐ. என்ற சுருக்கப்பெயரில் வழங்கும் நிர்வாகத் திட்டங்களின் ஓர் அங்கமாகவே பல இடங்களில் இவை அமைகின்றன. நடைமுறை எளியது. ஒரு நூல் தேர்ந்தெடுக்கப்படும். பிரதிகளைப் பெரும்பாலும் நிறுவனமே வாங்கித் தரும். உறுப்பினர்கள் மதிய உணவு வேளையில் கூடி அதைப் பற்றிப் பேசுவார்கள். 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டதை அடுத்து இவ்வட்டங்கள் வேகமாகப் பெருகின. ராபின் டியாஞ்சலோவின் ‘ஒயிட் ஃப்ரஜிலிட்டி’ (2018), இப்ராம் எக்ஸ். கெண்டியின் ‘ஹவ் டு பி ஆன் ஆன்டிரேசிஸ்ட்’ (2019) போன்ற நூல்கள் அந்த ஜூன் மாதத்தில் விற்பனைப் பட்டியல்களின் உச்சிக்கு ஏறின.

இந்த வட்டங்களைப் பற்றி நிலைபெற்றுவிட்ட கருத்து, இவற்றில் சேர்வதே சமத்துவத்தின் முதல் படி என்பது. அதற்கு நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன. பாகுபாடு அறியாமையிலிருந்து பிறக்கிறது, வாசிப்பு அறியாமையைப் போக்கும் என்பது ஒன்று. பிறர் கதையைப் படிப்பவர் பிறர் வலியை உணர்வார், உணர்ந்தவர் நியாயமாக நடப்பார் என்பது இரண்டு. சக ஊழியர்கள் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் பணியிடம் மாறும் என்பது மூன்று. இவை எதுவும் நடக்காவிட்டாலும் படிப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை என்பது நான்கு. நான்கும் கேட்பதற்கு இதமானவை. நான்கில் ஒன்றுகூடச் சோதனைக்கு நிற்பதில்லை.

அறியாமைதான் வேர் என்றால், நல்லெண்ணமும் விவரமும் உள்ளவர்கள் நடத்தும் இடத்தில் பாகுபாடு இருக்கக்கூடாது. வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் நிறுவனம் நடத்திய டான் ரிவர் அனல்மின் நிலையத்தின் கதை இதைப் பொய்யாக்குகிறது. அங்கே ஐந்து பிரிவுகள் இருந்தன. கறுப்பினத்தவர் கூலிப் பிரிவில் மட்டுமே எடுக்கப்பட்டனர். அந்தப் பிரிவின் உச்சச் சம்பளம் மற்ற நான்கு பிரிவுகளின் அடிமட்டச் சம்பளத்தைவிடக் குறைவு. வேலையில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டப் பகுதி 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. கூலிப் பிரிவு தவிர மற்றவற்றில் புதிதாகச் சேர, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு பொதுத் திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும் என்றது அது. 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள் வெள்ளை ஆண்களில் 34 விழுக்காடு, கறுப்பு ஆண்களில் 12 விழுக்காடு. விதி வருமுன்பே சேர்ந்திருந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளை ஊழியர்களோ அதே வேலைகளைக் குறையின்றிச் செய்துவந்தார்கள். சான்றிதழுக்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நிலையத்தில் இருந்த 14 கறுப்பின ஊழியர்களில் 13 பேர் வழக்குத் தொடுத்தனர். நிறுவனத்துக்குக் கெட்ட நோக்கம் இருந்ததாகக் கீழமை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. படிப்புக் குறைந்த ஊழியர்கள் பள்ளிப்படிப்பை முடிக்கக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிறுவனமே கொடுத்துவந்தது என்பதும் அதன் நல்லெண்ணத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 1971 மார்ச் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும், நோக்கம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியையே ஒதுக்கிவைத்தார்கள். வேலைக்குத் தொடர்பில்லாத ஒரு நிபந்தனை ஓர் இனத்தவரை வடிகட்டி வெளியே நிறுத்துமானால், எண்ணம் எதுவானாலும் அது சட்டத்துக்கு முரண் என்று சொன்னார்கள். டான் ரிவரின் மேலாளர்கள் அத்தனை பேரும் இனவெறி பற்றிய நூல்களைக் கரைத்துக் குடித்திருந்தாலும் அந்தத் தேர்வு அப்படியே இருந்திருக்கும், கூலிப் பிரிவும் அப்படியே இருந்திருக்கும். பூட்டியிருந்தது ஒரு விதி. திறந்தது விதியை நீக்கிய தீர்ப்பு.

இரண்டாவது காரணமான பரிவுக்கு எப்போதும் மேற்கோள் காட்டப்படுவது ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’. 1852இல் நூலாக வந்து, முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று லட்சம் பிரதிகள் விற்ற நாவல் அது. வடபுலத்து வாசகர்களை அது உலுக்கியது என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அந்த வாசகர்கள் தங்கள் ஊரில் என்ன செய்தார்கள் என்பதே இங்கே கேட்க வேண்டியது. அடிமை முறை ஒழிந்த பென்சில்வேனியாவில், அடிமை ஒழிப்பு இயக்கத்தின் கோட்டைகளில் ஒன்றான ஃபிலடெல்ஃபியாவில், 1858இல் குதிரை டிராம்கள் ஓடத் தொடங்கின. கறுப்பினத்தவருக்கு உள்ளே இடமில்லை. உள்நாட்டுப் போரில் வடபுலத்துக்காகப் போரிடச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர்கள் நகருக்கு வெளியே கேம்ப் வில்லியம் பென் முகாமில் பயிற்சி பெற்றபோது, அவர்களைப் பார்க்கப் போன தாய்மார்களும் மனைவிமார்களும்கூட டிராமிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். கதையில் வரும் அடிமைக்காகக் கண்ணீர் விட்ட நகரம், பக்கத்து இருக்கையில் ஒரு கறுப்பினப் பெண் உட்காரச் சம்மதிக்கவில்லை. ஆக்டேவியஸ் கேட்டோ போன்ற கறுப்பினச் செயல்வீரர்கள் விடாமல் போராடி, 1867இல் மாநிலச் சட்டமன்றம் இந்த விலக்கலைத் தடைசெய்து சட்டம் இயற்றிய பிறகுதான் டிராம்கள் எல்லோருக்கும் பொதுவாயின. நாவல் வெளிவந்து அதற்குள் 15 ஆண்டுகள் ஓடியிருந்தன.

பரிவைப் பற்றிய அறிவியல் சான்றும் சொல்லப்படுமளவுக்கு உறுதியானதல்ல. இலக்கியப் புனைவின் சில பக்கங்களைப் படித்தாலே பிறர் மனநிலையை அறியும் திறன் கூடுகிறது என்று டேவிட் கிட், எமானுவேலே கஸ்டானோ இருவரும் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். நூலகங்களும் பதிப்பகங்களும் அந்த ஆய்வைக் கொண்டாடின. ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை ஓர் ஆய்வுக் குழு மறுபடி செய்துபார்த்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. அவற்றில் 13 தேறின. கிட், கஸ்டானோ சோதனை தேறாதவற்றின் பட்டியலில் இருந்தது. அந்தத் திறன் கூடுவதாகவே வைத்துக்கொண்டாலும், பிறர் மனதை அறிவது வேறு, அவருக்குப் பதவி உயர்வு தருவது வேறு. முன்னதிலிருந்து பின்னது தானாக வரும் என்பதற்கு அந்த ஆய்வே எதையும் காட்டவில்லை.

மூன்றாவது காரணம் பணியிட மாற்றம். இதற்கு நேரடிக் கணக்கே இருக்கிறது. அலெக்ஸாண்ட்ரா கேலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி ஆகிய சமூகவியலாளர்கள் 708 தனியார் பணியிடங்களின் 1971 முதல் 2002 வரையிலான விவரங்களை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேலாளர் பதவிகளில் பெண்களும் கறுப்பினத்தவரும் கூடினார்களா என்பதே அவர்கள் வைத்த அளவுகோல். மேலாளர்களின் மனச்சாய்வைக் குறைக்க நடத்தப்பட்ட பயிற்சிகளுக்கு மிகக் குறைந்த பலனே இருந்தது. வழிகாட்டித் திட்டங்களுக்கு ஓரளவு பலன் இருந்தது. இலக்கு குறித்து, அதற்கு ஒரு குழுவையோ அதிகாரியையோ பொறுப்பாக்கி, பதில் கேட்ட இடங்களில்தான் எண்ணிக்கை தெளிவாக ஏறியது. டாபினும் கேலெவும் 2016இல் எழுதிய கட்டுரை இன்னும் கசப்பான ஒன்றைச் சொன்னது. மேலாளர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, மேலாளர்களில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 விழுக்காடு குறைந்திருந்தது. பெரும் நிறுவனம் ஒன்றில் 3,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் ஒருமணி நேர இணையப் பயிற்சியைச் சோதித்த 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் இதே திசையில்தான் போகிறது: சொல்லும் கருத்து சிறிது மாறியது, செய்யும் காரியம் பெரிதாக மாறவில்லை.

வாசிப்பு வட்டம் பயிற்சி வகுப்பைப் போலன்றி விருப்பத்தின் பேரில் நடப்பது, ஆகவே இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. விருப்பத்தின் பேரில் வருபவர்கள் ஏற்கெனவே உடன்பட்டவர்கள். மாற வேண்டியவர் அந்த அறைக்குள் வருவதே இல்லை. வந்தாலும் மேலாளரும் அவருக்குக் கீழே பணிபுரிபவரும் ஒரே மேசையில் சமமாகிவிடுவதில்லை. இருவேறு குழுவினரின் பழக்கம் வெறுப்பைக் குறைக்க வேண்டுமானால் அவர்கள் சம நிலையில் பழக வேண்டும், பொதுவான குறிக்கோளுக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே நிபந்தனை வைத்தார். அலுவலக வட்டத்தில் முதல் நிபந்தனைக்கே இடமில்லை. ஆண்டிறுதி மதிப்பீட்டைத் தன் கையில் வைத்திருப்பவரின் முன்னால், இந்த அலுவலகத்தில் தனக்கு நேர்ந்த அநியாயம் இது என்று யாரும் வாய் திறப்பதில்லை. பேச்சு அதனால் புத்தகத்தில் உள்ள அநியாயத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. அறையில் கறுப்பினத்தவர் ஒருவர் மட்டும் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: எல்லாக் கேள்விகளும் அவர் பக்கம் திரும்பும், தன் இனம் முழுவதற்கும் அவரே உரையாசிரியர் ஆக வேண்டும். சம்பளத்தில் சேராத இந்த வேலையை அமாடோ படில்லா என்ற கல்வியாளர் 1994இலேயே பண்பாட்டு வரி என்று குறிப்பிட்டார். சமநீதிக்காகக் கூட்டப்பட்ட கூட்டத்தில் அந்த வரியைக் கட்டுபவர் எப்போதும் ஒரே தரப்பினர்.

எஞ்சியிருப்பது கெடுதல் இல்லை என்ற நான்காவது காரணம். நான்கிலும் இதற்குத்தான் பலரும் மயங்குகிறார்கள். பெண்களை இழிவுபடுத்தும் கூற்றுகளை மறுக்க வாய்ப்புத் தரப்பட்டவர்கள், அடுத்து வந்த தேர்வில் ஆணுக்குச் சாதகமாக முடிவெடுக்கக் கூடுதலாகத் துணிந்தார்கள் என்று பெனுவா மோனன், டேல் மில்லர் இருவரும் 2001இல் காட்டினார்கள். தன்னை நல்லவர் என்று ஒருமுறை நிரூபித்துக்கொண்டவருக்கு அடுத்த முறை கூச்சம் குறைகிறது. இந்த விளைவு முதலில் எண்ணிய அளவுக்குப் பெரிதல்ல என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. தனிமனிதர்களிடம் சிறிதாக இருப்பது நிறுவனங்களிடம் சிறிதாக இல்லை. மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் ஆகிய பொருளியலாளர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் நாளிதழ் விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி 2004இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. வெள்ளையர் பெயருள்ள விண்ணப்பங்களுக்கு, கறுப்பினத்தவர் பெயருள்ளவற்றைவிட 50 விழுக்காடு அதிகமான அழைப்புகள் வந்தன. அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத முடிவு ஒன்று உண்டு. தாங்கள் சமவாய்ப்பு அளிக்கும் நிறுவனம் என்று விளம்பரத்திலேயே அச்சிட்டவர்களும் மற்றவர்கள் அளவுக்கே பாகுபாடு காட்டினார்கள். அச்சிட்ட வரி எதையும் மாற்றவில்லை; மாற வேண்டிய தேவை இல்லை என்ற தோற்றத்தை மட்டும் தந்தது. ஆண்டறிக்கையில் படத்தோடு இடம்பெறும் வாசிப்பு வட்டத்தின் வேலையும் அதுதான்.

இந்தியர்களுக்கும் குறிப்பாகத் தமிழர்களுக்கும் நெருக்கமான சான்று ஒன்று இவ்வட்டங்கள் பெருகிய ஆண்டுகளிலேயே கிடைக்கிறது. இசபெல் வில்கர்சன் அமெரிக்க இனவெறியைச் சாதியமைப்போடு ஒப்பிட்டு எழுதிய ‘காஸ்ட்’ 2020 ஆகஸ்டில் வந்தது. ஓப்ரா வின்ஃப்ரேயின் வாசிப்பு வட்டத் தேர்வாகி நாடெங்கும் படிக்கப்பட்டது. சாதி என்றால் என்ன என்று அமெரிக்க அலுவலகங்களுக்குத் தெரியாது என்ற நிலை அதோடு முடிந்திருக்க வேண்டும். 2022 ஏப்ரலில், தமிழ் தலித் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கச் செயல்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுள் நிறுவனத்தில் சாதி பற்றி ஊழியர்களிடையே பேசுவதாக இருந்தது. ஊழியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததும் பேச்சு ரத்தானது. ஏற்பாடு செய்த மேலாளர் பிறகு பதவி விலகினார். மற்றவர் நாட்டுச் சாதியைப் பற்றிய நூல் எந்த மேசையிலும் இருக்கலாம். தம் அலுவலகத்துச் சாதியைப் பற்றிப் பேச ஒருவர் வந்தால்தான் கதவு சாத்தப்படுகிறது. இதற்கு மாறாக, ஆப்பிள் நிறுவனம் ஊழியர் நடத்தை விதிகளில் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடைசெய்தது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் அதையே சட்டமாக்கியது. கலிஃபோர்னியாவின் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அதே ஆண்டு அக்டோபரில் நிராகரித்தார். எதிர்த்தவர்கள் திரண்டதும் ஆதரித்தவர்கள் திரண்டதும் அந்த ஒற்றைச் சொல் விதிப்புத்தகத்தில் ஏறுவதா வேண்டாமா என்பதற்காகத்தான். அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை இரு தரப்பும் சரியாகவே அறிந்திருந்தன.

வாசிப்பு வட்டத்தின் ஆதரவாளர்கள் கடைசியாக வரலாற்றைத் துணைக்கு அழைப்பார்கள்: ஒடுக்கப்பட்டோர் இயக்கங்கள் எல்லாம் வாசிப்பிலிருந்துதானே கிளம்பின என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த வரலாறு அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் 1831இல் சுதந்திரக் கறுப்பினப் பெண்கள் ஓர் இலக்கியச் சங்கம் கண்டார்கள். நகரத்தின் வாசகசாலைகள் அவர்களை ஏற்காத காலம் அது. பெயர் போடாமல் எழுதிய கட்டுரைகளை ஒரு பெட்டியில் இடுவார்கள்; எடுத்து வாசித்துத் திருத்துவார்கள்; சில கட்டுரைகள் அடிமை ஒழிப்பு ஏடான ‘தி லிபரேட்டர்’ இதழில் வெளிவந்தன. சுதந்திரக் கறுப்பினத்தவரின் நடமாட்டத்தையே கட்டுப்படுத்தும் மசோதா அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்தபோது, சங்கத்தின் முன்னணி உறுப்பினர் சாரா மேப்ஸ் டக்ளஸ் அந்த ஆபத்தைச் சங்கத்தில் பேசுபொருளாக்கினார். 1833இல் உருவான ஃபிலடெல்ஃபியா பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர்.

தெற்குக் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் தொடங்கிய வகுப்பு இன்னும் தெளிவான உதாரணம். வாக்காளராகப் பதிய மாநில அரசமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது அங்கே விதி; கறுப்பினத்தவரை விலக்கிவைக்கவே அது பயன்பட்டது. ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்குப் போவோரைத் தன் பேருந்தில் ஏற்றிச் செல்லும்போதே அந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுத்துவந்தார். பிறகு ஒரு கட்டடம் வாங்கப்பட்டது. முன்னறையில் மளிகைக் கடை. வெள்ளையர் கண்ணில் படாத பின்னறையில் வகுப்பு. பாடம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்ல, அழகுக்கலைஞர். முதல் வகுப்புக்கு வந்த 14 பேரிடம் என்ன கற்க வேண்டும் என்று கேட்டு, அதையே பாடமாக்கினார்: பெயரை எழுத, பணவிடைத் தாளை நிரப்ப, வெளியூரில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுத, வாக்காளர் பதிவு அலுவலகத்தில் கேட்கப்படும் சட்டப்பகுதியைப் படிக்க. செப்டிமா கிளார்க் வடிவமைத்த இந்த முறை தென் மாநிலங்கள் எங்கும் பரவியது. 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு அதை ஏற்று நடத்தியது. இவ்வளவுக்குப் பிறகும் படிப்புத் தேர்வு என்ற தடையை விலக்க 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தேவைப்பட்டது.

இந்த வட்டங்களுக்கும் இன்றைய அலுவலக வட்டத்துக்கும் உள்ள வேறுபாடு நூல் தேர்வில் இல்லை. அங்கே விலக்கப்பட்டவர்கள் தங்களை விலக்கிய விதியைப் படித்தார்கள். படித்ததும் செய்ய வேண்டியது முன்கூட்டியே தெரிந்திருந்தது. இங்கே விதியைக் கையில் வைத்திருப்பவர்கள் விலக்கப்பட்டவர்களைப் பற்றிப் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் செய்ய வேண்டியது அடுத்த நூலைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி இந்த இரண்டாவது வகைக்குத்தான் பொருந்தும்.

நூல்களுக்கு வலிமை இல்லையென்றால் அவற்றை ஏன் தடைசெய்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. 2025இல் அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் நூலகத்திலிருந்து 381 நூல்கள் அகற்றப்பட்டன. எதிர்ப்புக்குப் பின் பெரும்பாலானவை அலமாரிக்குத் திரும்பின. 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் டூகலூ கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர் வெள்ளையருக்கு மட்டுமான நூலகத்தில் உட்கார்ந்து படித்ததற்காகக் கைதானார்கள். நூலை அடையும் உரிமைக்காகப் போராடுவது வேறு, நூலைப் படிப்பதாலேயே நீதி வந்துவிடும் என்பது வேறு. முன்னதை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் தகும். பின்னதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. டூகலூ மாணவர்கள் வேண்டியதும் நூலகத்தின் கதவு திறப்பதைத்தான். அங்குள்ள அலுவலர்கள் கறுப்பினத்தவரைப் பற்றி நூல் படிப்பதை அல்ல.

2025 ஜனவரியில் பதவியேற்ற முதல் நாளே டொனால்ட் டிரம்ப் அரசுத் துறைகளின் டி.இ.ஐ. திட்டங்களை நிறுத்த ஆணையிட்டார். அலுவலகங்கள் சில நாட்களில் மூடப்பட்டன. டான் ரிவர் வழக்கில் பிறந்த கோட்பாட்டை அப்படி ஒரே கையெழுத்தில் துடைக்க முடியவில்லை. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏறிவிட்ட அதன் அமலாக்கத்தைத் தளர்த்த 2025 ஏப்ரலில் ஆணை வந்தது, ஆனால் சட்டத்தையே நீக்க நாடாளுமன்றம் வேண்டும். விதியாக நிலைபெற்றதை அழிக்கவும் போராட வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு வட்டத்தில் சேர நினைப்பவர் கேட்க வேண்டியது அங்கே என்ன நூல் படிக்கிறார்கள் என்பதல்ல. ஆள் எடுக்கும் நிபந்தனைகள் எவை, அவற்றில் எது வேலைக்கு உண்மையில் தேவை. ஒரே வேலைக்கு யாருக்கு எவ்வளவு சம்பளம். கடந்த ஆண்டுகளில் பதவி உயர்ந்தவர்கள் யார், உயராமல் வெளியேறியவர்கள் யார். புகார் கொடுத்தவருக்கு என்ன ஆயிற்று. இவற்றுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பவையே கேள்விகள். கொலராடோ மாநிலத்தில் வேலை விளம்பரங்களில் சம்பளத்தைக் குறிப்பிட வேண்டும் என்ற சட்டம் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது; இக்கேள்விகளில் ஒன்றுக்கு அங்கே விளம்பரத்திலேயே பதில் இருக்கிறது. மற்றவற்றுக்கு விடை நிறுவனத்தின் சொந்தக் கோப்புகளில்தான் கிடக்கிறது. அந்தக் கோப்புகளை மேசைக்குக் கொண்டுவந்து, படித்து, மாற்றக் கோரும் வட்டம் ஜான்ஸ் தீவின் வழியில் வந்தது. அதற்குத் துணிவில்லாத வட்டம் நல்ல நூல்களைப் படிக்கும் ஒரு மதிய உணவுச் சந்திப்பு. அதை அந்தப் பெயரிலேயே அழைப்பதுதான் நேர்மை.